மலையில் இருப்பவர்களுக்கு வங்கி என்னென்ன செய்து தர வேண்டும்? நீலகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேரம்பாடியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஒருவர் வங்கிக்குப் போய் வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும். பஸ்ஸுக்குக் காத்திருந்து, மழையில் நனைந்து கிளைக்குள் நுழைந்த பிறகு "இன்னைக்கு ஆகாது, நாளைக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்டால், அந்த 'நாளை' இன்னொரு நாள் கூலி. சமவெளியில் இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலையாக இருக்கலாம். அதனால்தான் எது வங்கியின் கடமை, எது அவர்கள் விருப்பம் என்று மலையில் இருப்பவர்கள் முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மேலாளர் மனசு வைத்தால்தான் காரியம் நடக்கும் என்கிறார்களே, உண்மையா?

கடனுக்கு அது ஓரளவு உண்மை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை வங்கிக்கு உண்டு. ஆனால் விண்ணப்பத்தை வாங்கவே மறுக்கக் கூடாது. வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். வாய்வார்த்தையாக "உங்களுக்குக் கிடைக்காதுங்க" என்று அனுப்பிவிடுவது விதிப்படி சரியில்லை.

மற்ற சேவைகளில் மனசுக்கு வேலையே இல்லை. பாஸ்புக் பதிந்து தருவது, கிழிந்த நோட்டை மாற்றுவது, நியமனதாரர் (நாமினி) பெயரைச் சேர்ப்பது, புகாரை வாங்கிக்கொள்வது எல்லாம் கடமை. 2014-ல் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. நியாயமாக நடத்தப்படுவது, ஒளிவுமறைவில்லாத தகவல், நமக்குப் பொருத்தமானதை மட்டும் விற்பது, அந்தரங்கம், குறைதீர்ப்பும் இழப்பீடும் என்று ஐந்து உரிமைகள் அதில் இருக்கின்றன.

ஊழியர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சின்னக் கிளைகளில் ஆள் குறைவு. சம்பள நாளிலும், பச்சைத் தேயிலைக்கான பணம் ஏறும் நாட்களிலும் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். அவர்களிடம் எரிந்து விழுவதில் பயனில்லை. கேட்க வேண்டியதைப் பொறுமையாக, எழுத்தில் கேட்பதுதான் பலன் தரும்.

சாப்பாட்டு நேரம் என்று கவுண்டர் காலியாகக் கிடக்கிறது. காத்திருக்கத்தான் வேண்டுமா?

ஊழியர்கள் சாப்பிடத்தான் வேண்டும், ஒருவர் மாற்றி ஒருவராக. வேலை நேரத்தில் எந்தக் கவுண்டரும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது, சேவை தடைபடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். வேலை நேரம் முடிவதற்குள் கிளைக்குள் வந்துவிட்ட எல்லோரையும் கவனித்து அனுப்ப வேண்டும் என்றும் இருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியவில்லை. படிவமும் புரியவில்லை. என்ன செய்வது?

கணக்குத் தொடங்கும் படிவம், பணம் செலுத்தும் சீட்டு, பாஸ்புக் போன்றவை இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும். இங்கே வட்டார மொழி தமிழ். "தமிழ்ப் படிவம் தீர்ந்துபோச்சு" என்றால் அடுத்த முறை வரவழைத்து வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கடன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 2024 அக்டோபர் முதல், தனிநபர்களுக்கான கடன்களில் வட்டி, கட்டணம், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தந்தாக வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையாவது கூட அழைத்துப் போகலாம்.

பாட்டி படுத்த படுக்கை. பணம் அவர் கணக்கில் இருக்கிறது. நேரில் கூட்டி வரச் சொல்கிறார்கள்.

என் மனதை மிகவும் வருத்துவது இந்தக் கேள்விதான். ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) சாலைக்கு ஏறி வரவே நாலு பேர் தூக்க வேண்டிய முதியவரை, ஜீப் பிடித்துக் கவுண்டர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அவசியமே இல்லாத கஷ்டம் அது.

இதற்கென்றே தெளிவான நடைமுறை வெகு காலமாக இருக்கிறது. கையெழுத்துப் போட முடியாத அளவு உடல்நலம் கெட்டவரிடம் பணமெடுக்கும் சீட்டிலோ காசோலையிலோ பெருவிரல் ரேகை வாங்கலாம். கைவிரல் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை. அதுவும் முடியாவிட்டால் அவர் இடும் ஏதாவது ஒரு அடையாளக் குறி போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் வங்கிக்குத் தெரிந்தவர்களாக, இந்தப் பணத்தில் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. பணத்தை யார் வாங்கிக்கொள்வார் என்பதைக் கணக்குக்காரர் சுட்டிக்காட்ட வேண்டும், அந்த நபரையும் சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும்.

ஒரு சாட்சி வங்கி அதிகாரி என்றால் என்ன பொருள்? அவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதுதான். "எங்கள் கிளையில் அப்படி ஒரு வழக்கம் இல்லை" என்று பதில் வந்தால், மருத்துவரின் சான்றோடு ஒரு கடிதம் எழுதி, எந்த நாளில் அதிகாரி வர முடியும் என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் வழக்கம் இல்லை என்று எழுத்தில் பதில் தருவது அவர்களுக்குச் சிரமம்.

இது தவிர, 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலில் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. கணக்கிலிருந்து எடுக்கும் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது, பணத்தையும் காசோலையையும் வாங்கிப் போவது, கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள) ஆவணங்களைப் பெறுவது, உயிர்வாழ் சான்று வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். கட்டணம் இருக்கலாம், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளைக்கு வர முடிந்த மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை தரும் கவுண்டர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் அதே அறிவுறுத்தலில் இருக்கிறது.

இன்னொரு வழி தபால்காரர். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி 2018-லிருந்து இயங்குகிறது. கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், அது ஆதாரோடு இணைந்திருந்தால், தபால்காரர் கையில் இருக்கும் கருவியிலேயே பணம் எடுக்கலாம். வங்கிக் கிளை இல்லாத எத்தனையோ ஊர்களுக்குத் தபால்காரர் போய் வருகிறார்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க ஊட்டிக்கே வர வேண்டுமா?

வேண்டாம். அரசு ஓய்வூதியம் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்று முறையில் தபால்காரர் மூலமாகவோ, கைப்பேசியில் முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். எஸ்டேட்டில் வேலை பார்த்து வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு நவம்பர் கட்டாயமில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருடம் செல்லும். மண்சரிவும் கடும் மழையும் இருக்கும் மாதத்தில் அவர்கள் அலைய வேண்டியதே இல்லை.

அரசு ஓய்வூதியத்தை வங்கி தாமதமாக வரவு வைத்தால், தாமதமான நாட்களுக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி தர வேண்டும். கேட்காமலேயே தர வேண்டும் என்பது விதி.

கைரேகை பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இலை பறிக்கிற கைக்கு ரேகை எங்கே இருக்கும்?

நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் இலை பறித்த விரல், பனிக்காலத்தில் வெடித்த விரல், கருவியில் பதிவதில்லை. அது அந்த அம்மாவின் குறை இல்லை. கைரேகை என்பது பணம் எடுக்கும் பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். பாஸ்புக்கோடு சொந்தக் கிளைக்குப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பணம் எடுக்கும் உரிமை எப்போதும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மை தொட்டு ரேகை வைத்தால் போதும், அங்கே கருவி தேவையில்லை. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டால் கருவியிலும் சரியாக வர வாய்ப்பு உண்டு.

ஊருக்குள் வரும் வங்கி முகவர்களைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, அவர்கள் நம்மிடம் நேராகக் கட்டணம் வாங்கக் கூடாது. அவர்களுக்கு உரியதை வங்கி தருகிறது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிடித்தால் அது தவறு, புகார் செய்யலாம். இரண்டு, "சரியா விழலை, இன்னொரு தடவை விரல் வைங்க" என்றால், முதல் முறை என்ன ஆனது என்று சீட்டு கேளுங்கள். இரண்டு முறை பணம் எடுத்துவிட்டு ஒரு முறைக்கு மட்டும் கையில் கொடுக்கும் ஏமாற்று வேலை நடப்பதுண்டு. பந்தலூர், கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள். தேவைப்படாதபோது ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது.

மின்சாரம் போனாலும் இணைப்பு அறுந்தாலும் இப்படி ஆகும். 2019 செப்டம்பரில் வந்த விதிப்படி, பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வங்கி தர வேண்டும். நாம் புகார் கொடுத்தோமா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பி அது அவருக்குப் போய்ச் சேராமல் நம் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், அதற்கும் அதே 100 ரூபாய்தான். தவறான ஆளுக்கே போய்விட்டால் கதை வேறு. அவர் சம்மதம் இல்லாமல் வங்கியால் எடுத்துத் தர முடியாது. அதனால் அனுப்புவதற்கு முன் பெயரைப் பாருங்கள்.

மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி, குன்னூர் ஏடிஎம்களில் பணம் தீர்ந்துபோவது பற்றியும் கேட்கிறார்கள். ஒரு மாதத்தில் மொத்தம் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் இருந்தால், ஒவ்வொரு ஏடிஎம்முக்கும் வங்கி 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. சீசன் எப்போது வரும் என்று வங்கிக்குத் தெரியாதா என்ன? சுற்றுலா வருபவருக்கு அது ஒரு சின்ன எரிச்சல். மருத்துவமனைக்குப் பணம் எடுக்க வந்த உள்ளூர்க்காரருக்கு அப்படியில்லை.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மகளிர் உரிமைத் தொகையில் பிடித்துவிட்டார்கள். சரியா?

முதலில் உங்கள் கணக்கு எந்த வகை என்று கேளுங்கள். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு, ஜன்தன் கணக்கு என்றால் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. சாதாரணச் சேமிப்புக் கணக்காக இருந்தால் அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஒரே வங்கியில் அடிப்படைக் கணக்கோடு இன்னொரு சேமிப்புக் கணக்கும் வைத்திருக்க முடியாது, அது ஒன்றுதான் நிபந்தனை. ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025-லும் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தையே கைவிட்டுவிட்டன.

அபராதம் போடும் வங்கியாக இருந்தாலும் வரம்பு உண்டு. முன்கூட்டியே தகவல் சொல்லி, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. எனவே காலியான கணக்கில் பழைய அபராதத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்து, 1,000 ரூபாய் வந்ததும் அதிலிருந்து எடுத்துக்கொண்டால், எந்தத் தேதியில் எதற்காகப் பிடித்தீர்கள் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். திருப்பித் தரச் சொல்லுங்கள்.

திருப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் கழித்து வந்தேன். கணக்கு செயல்படவில்லை என்கிறார்கள்.

இரண்டு வருடம் நாமாக எதுவும் செய்யாமல் விட்டால் கணக்கு அப்படி ஆகும். பணம் எங்கும் போகவில்லை, சேமிப்பு வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். ஆதாரோ மற்ற கேஒய்சி ஆவணமோ கொடுத்துத் திறந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, குறைந்தபட்ச இருப்பு அபராதமும் போடக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி. எந்தக் கிளையிலும் செய்யலாம் என்பதால், திருப்பூரில் இருந்தபடியே முடித்திருக்கவும் முடியும். பத்து வருடம் தாண்டிவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகும். அப்போதும் நாமோ வாரிசுகளோ கேட்டுப் பெறலாம். பழைய கணக்கு எந்த வங்கி என்றே தெரியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். முகவரிச் சான்று கேட்கிறார்கள்.

கேஒய்சி புதுப்பிக்கும்போது விவரம் எதுவும் மாறவில்லை என்றால் "மாற்றம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஆதார் கைரேகை வைத்துச் சரிபார்க்கும்போது, இப்போது இருக்கும் முகவரி வேறாக இருந்தால், நாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை வங்கி ஏற்கலாம். 2025 ஜூனில் வந்த விதிப்படி, கெடுவுக்கு முன் மூன்று முறையாவது தகவல் சொல்ல வேண்டும், அதில் ஒன்று கடிதமாக இருக்க வேண்டும். ஒரு தகவலும் வராமல் கணக்கை முடக்கியிருந்தால், அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

ஓடிபி சொல்லிவிட்டேன், பணம் போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அப்புறம் வங்கிக்கு. இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால் வங்கிக்குத் தகவல் தரும் வரையிலான இழப்பு உங்களுடையது. தகவல் தந்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு.

நீங்கள் எதுவும் சொல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வேறு எங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பே இல்லை. வங்கியின் தவறு என்றால் நாள் கணக்கும் கிடையாது. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று 2017 ஜூலையில் வந்த விதி சொல்கிறது. "நீங்கதான் யார்கிட்டயோ சொல்லியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் கையை விரிக்க முடியாது.

அப்பா இறந்துவிட்டார். வாரிசுச் சான்று, கோர்ட் உத்தரவு என்று அலைய விடுகிறார்கள்.

நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் கோர்ட் உத்தரவு தேவையில்லை. இறப்புச் சான்று, நியமனதாரரின் அடையாளச் சான்று, கோரிக்கைப் படிவம் கொடுத்து 15 நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். அந்தப் பணத்தை நியமனதாரர் வாரிசுகள் சார்பில்தான் வாங்குகிறார், எல்லாம் அவருக்கே சொந்தமாகிவிடாது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வராமலிருக்க இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை நியமிக்கலாம். உங்கள் பாஸ்புக்கில் நியமனம் பதிவானதாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விவசாயக் கடன் கேட்டால் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள்.

பயிர் வைத்திருப்பவருக்குச் சந்தை சார்ந்த முதலீட்டுக் காப்பீட்டைக் கட்டிவிடுவது மேலே சொன்ன உரிமைச் சாசனத்தின் மூன்றாவது உரிமைக்கே, அதாவது நமக்குப் பொருத்தமானதை மட்டும் விற்க வேண்டும் என்பதற்கே, எதிரானது. கடனுக்கு அது கட்டாயம் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடலாம்.

விவசாயக் கடனில் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது. 2025 ஜனவரி முதல் இந்த வரம்பு. கடனை முழுதாகக் கட்டி முடித்தால் 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய். வசூலுக்குப் போன் செய்பவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது.

பத்து ரூபாய் நாணயத்தை வங்கியிலேயே வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

வாங்க வேண்டும். எல்லா வடிவங்களும் செல்லும்.

சரி, இவ்வளவும் கேட்டும் செய்யவில்லை. புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

முதலில் கிளையில். ஒவ்வொரு கிளையிலும் புகார்ப் பதிவேடு இருக்க வேண்டும், மேலதிகாரிகளின் பெயரும் தொடர்பு விவரமும் பார்வையில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். புகார் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம், என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில், யார் என்ன பதில் சொன்னார்கள், இப்போது என்ன வேண்டும். இவ்வளவு போதும், தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் பேசிக்கொண்டு நிற்காமல் தபால் நிலையம் போய், அதே கடிதத்தை, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். சாட்சி தேடி இன்னொரு பயணம் போக வேண்டியிருக்காது.

கடன், காப்பீட்டுத் திணிப்பு போன்ற விஷயங்களுக்கு மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமும் சொல்லலாம். திங்கட்கிழமை ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அது அவருக்குத்தான் போகும்.

30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் காலக்கெடு உண்டு, அதனால் ஆறப்போடாதீர்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். இணையம் எடுக்காத இடத்தில் இருப்பவர்கள், மத்திய பெறுதல் மற்றும் செயலாக்க மையம், இந்திய ரிசர்வ் வங்கி, நான்காவது தளம், செக்டர் 17, சண்டிகர் 160017 என்ற முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள 14448. கிளையில் கொடுத்த புகாரின் முத்திரைப் பிரதியை இணைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், முதலில் வங்கியிடம் கேளுங்கள் என்று திருப்பிவிடுவார்கள். அதே விஷயம் கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி அல்ல. அதன் மீதான புகார் கூட்டுறவுத் துறையின் இணைப்பதிவாளருக்குப் போக வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் வைப்புக் காப்பீடு சங்கத்தில் போட்ட பணத்துக்குக் கிடையாது. இலை விற்ற பணத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.